அலையும் ஒரு கொத்தனார்தான்!

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை, அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, 'இளைஞனே எழுந்திரு' என்று ஒரு கட்டுரை, மீதி இடத்தில் கடி ஜோக்ஸ். இது நம்ம மலரின் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை மீறி நான் கடல் அலையைப் பற்றி எழுதப் போகிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சிவில்காரன் எழுதுவது சிவில்காரனுக்கு மட்டும் என்று மெக்கானிக்கல் நண்பர்களும் ஒதுங்கிவிட வேண்டாம். கடைசியில் உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

அலை வந்து கரையை அரிக்கிறது. ஆகவே சுவரைக் கட்டு, கல்லைக் கொட்டு. நாம் எல்லோரும் இப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பரீட்சையில் கேட்டாலும் இதைத்தான் எழுதிவிட்டு வருவோம். நான் சொல்ல வந்தது வேறு. நடுக்கடலில் இருக்கும் பவளத் தீவுகளைப் பொறுத்தவரை, அலை அந்தத் தீவைத் தின்ன வந்த அரக்கன் இல்லை. அந்தத் தீவைக் கட்டிய கொத்தனாரே அதுதான். பவளப் பாறைதான் அந்தக் கொத்தனாருக்குச் சூளை, அதுவேதான் வீட்டுக்கு மதிலும். சூளையையும் மதிலையும் நாமே உடைத்துவிட்டு, 'கொத்தனார் வீட்டை இடிச்சுட்டான்' என்று கத்துவது என்ன நியாயம்?

(என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி ஒரு காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு உவமை என்றாலே கரண்டியும் தூக்குக்குண்டும்தான் வருகிறது. பொறுத்துக் கொள்ளுங்கள்.)

முதலில் அலையின் கதை. நாம் பார்க்கும் எல்லா அலையும் ஒரே ரகம் இல்லை. உள்ளூர்க் காற்று கிளப்பிவிடும் அலை ஒரு ரகம். குட்டை குட்டையாக, நெருக்கமாக, தாறுமாறாக வரும். காற்று நின்றால் அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இன்னொரு ரகம் இருக்கிறது. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புயலில் பிறந்து, அந்தப் புயலைவிட்டுப் பிரிந்து, தன்பாட்டுக்குப் பயணம் வருகிற அலை. இங்கிலீஷில் 'ஸ்வெல்' என்பார்கள். நடுக்கடலில் படகில் இருப்பவனுக்கு அது அலை என்றே தெரியாது. கடல் மூச்சு விடுவதுபோல மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். கரைக்கு வந்த பிறகுதான் தன் சுயரூபத்தைக் காட்டும்.

இதை வெறும் வார்த்தையாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கால்குலேட்டரை எடுங்கள். ஓர் அலை முகடு போய் அடுத்த முகடு வருவதற்கு எத்தனை நொடி என்று பாருங்கள். அந்த நொடியை வர்க்கப்படுத்தி 1.56-ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 6 நொடி அலை என்றால் 56 மீட்டர். 15 நொடி ஸ்வெல் என்றால் 351 மீட்டர்! அலையின் ஆட்டம் தண்ணீருக்குள் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை எட்டும். அதாவது சாதாரண அலை 28 மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். ஸ்வெல்லோ 175 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே உயரமாக இருக்கலாம். ஆனால் சரக்கு வேறு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 15 நொடி அலைக்கூட்டம் மணிக்கு 42 கி.மீ. வேகத்தில் நகரும். நம்ம டவுன் பஸ் வேகம்தான். தெற்கே, அண்டார்டிக்காவைச் சுற்றியிருக்கும் கடலில் புயல் ஓய்வதே இல்லை. அங்கிருந்து 5,500 கி.மீ. தூரத்தில் ஒரு தீவு இருந்தால், அந்த டவுன் பஸ் வந்து சேர ஐந்தரை நாள். 20 நொடி அலை இன்னும் வேகம், மணிக்கு 56 கி.மீ. நாலே நாளில் வந்துவிடும். அதனால்தான் நீண்ட அலை முதலில் வரும், குட்டை அலை பின்னால் வரும். புயல் அடித்தது ஒரு வாரம், அடி விழுவது அடுத்த வாரம். அடி வாங்குகிறவன் அந்தப் புயலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

வழியில் இந்த அலை களைத்துப் போகாதா? இதே கேள்வி வால்டர் மங்க் என்ற கடல் விஞ்ஞானிக்கும் வந்தது. 1963-ல் அவரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை, பசிபிக்கின் குறுக்கே வரிசையாகக் கருவிகளை வைத்து, தெற்கே பிறந்த அலைகளைத் தீவு தீவாகப் பின்தொடர்ந்தார்கள். புயலின் பக்கத்தைத் தாண்டி வந்த பிறகு அந்த நீண்ட அலைகள் ஏறக்குறைய எதையும் இழக்காமல் உலகத்தின் மறுமுனை வரை போய்ச் சேர்கின்றன என்பது தெரிந்தது. பூமியிலேயே கூலி வாங்காமல் இவ்வளவு தூரம் சுமை தூக்குகிறவன் வேறு யாராவது இருக்கிறானா?

இப்போது மாலத்தீவுக்கு வருவோம். கன்னியாகுமரியிலிருந்து தலைநகர் மாலே சுமார் 600 கி.மீ. தூரம்தான். ஏறத்தாழ 1,200 தீவுகள். நிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம்கூட இல்லை. கடலுக்கு நடுவே மாலை கோத்ததுபோல வட்டவட்டமாகப் பவளப் பாறை. அந்த வட்டத்தின் விளிம்பிலும் உள்ளேயும் அங்கங்கே மணல் குவிந்து தீவுகள். உலகம் முழுக்க இப்படிப்பட்ட வட்டத்துக்கு 'அட்டோல்' என்று பெயர். அந்தச் சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து இங்கிலீஷுக்குப் போனதுதான்.

1987 ஏப்ரல் 10-ஆம் தேதியிலிருந்து இரண்டு மூன்று நாள் மாலேயைப் பெரிய பெரிய அலைகள் அடித்துத் துவைத்தன. புயல் மாலே பக்கம் வரவே இல்லை. அது ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே, தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்துவிட்டுப் போய்விட்டது. ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. கடலை நிரப்பிச் சேர்த்த நிலத்திலிருந்து மண்ணை அலை வாரிக்கொண்டு போனது. பக்கத்துத் தீவிலிருந்த விமான நிலையமும் சேதப்பட்டது. அந்த வருஷம் அக்டோபரில் அந்நாட்டு ஜனாதிபதி கயூம் ஐ.நா. சபையில் பேசும்போது, கடல் உயர்ந்தால் தன் நாடே இல்லாமல் போய்விடும் என்று உலகத்தை எச்சரித்தார்.

கடல் உயர்வது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1987-ல் மாலே ஏன் அப்படி அடி வாங்கியது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைத்தான் நாம், அதாவது கட்டுகிறவர்கள், காது கொடுத்துக் கேட்க வேண்டும். மாலே தீவைச் சுற்றி ஆழமில்லாத பாறைத்தளம் இருந்தது. வெளியிலிருந்து வரும் அலை அதன் விளிம்பில் உடைந்து, தளத்தின் மேல் உருண்டு உருண்டு ஓய்ந்து, கரைக்கு வரும்போது சாதுவாகிவிடும். ஜனங்கள் பெருகினார்கள், இடம் போதவில்லை. அந்தத் தளத்தின் மேலேயே பவளக் கல்லையும் மணலையும் கொட்டி நிலமாக்கினார்கள். ஊர் நகர்ந்து நகர்ந்து தெற்குப் பக்கத்தில் பாறையின் விளிம்புக்கே போய்விட்டது. அலை ஓய்வதற்கென்று இருந்த திண்ணையில் வீடு கட்டிவிட்டார்கள். அப்புறம் அலை எங்கே போய் உட்காரும்?

அந்தத் திண்ணையின் மதிப்பு என்ன என்று உலகம் முழுவதும் எடுத்த அளவுகளைத் திரட்டி 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரியாக, வருகிற அலையின் ஆற்றலில் 100-க்கு 97 பங்கைப் பவளப் பாறை உறிஞ்சிவிடுகிறதாம். அதிலும் விளிம்பு முகடு மட்டுமே 86 பங்கு. நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நம்ம பெஞ்சில் யாராவது டிசைன் பண்ணிய சுவர் 97 மார்க் வாங்குமா?

இந்த மதிலை யார் கட்டியது? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. 1836-ல் டார்வின், பரிணாமக் கொள்கை சொன்ன அதே டார்வின்தான், இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் இறங்கிப் பார்த்தார். சாதாரணக் கருங்கல்லாக இருந்தால் இந்த அலையிடம் எப்போதோ தோற்றுப் போயிருக்கும். உயிருள்ள பூச்சிகள் ஓயாமல் கட்டிக்கொண்டே இருப்பதால்தான் இந்த மதில் நிற்கிறது என்று அவர் வியந்தார். மூழ்கிக்கொண்டே போகும் எரிமலைத் தீவின் ஓரத்தில் பவளம் மேலே மேலே வளர்ந்து, எரிமலை மறைந்து, வட்டம் மட்டும் மிஞ்சுகிறது என்று 1842-ல் புத்தகமாகவே எழுதினார். ரொம்பப் பேர் நம்பவில்லை. 1952-ல் பசிபிக்கில் எனிவெடாக் அட்டோலில் துளை போட்டுப் பார்த்தபோது, சுமார் 1,400 மீட்டர் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே எரிமலைக் கல் கிடைத்தது. 110 வருஷம் கழித்து மனுஷன் பாஸ்!

அலை பலமாக மோதும் பக்கத்தில் போய்ப் பார்த்தால், பாறையின் முகப்பு சீப்பின் பல்போலிருக்கும். நீளமான மேடு, அடுத்து பள்ளம், மறுபடி மேடு. எல்லாம் அலை வரும் திசையை நோக்கியே நீட்டிக் கொண்டிருக்கும். மேடு அலையைப் பிளக்கும், பள்ளம் வழியாகத் தண்ணீரும் உடைந்த கல்லும் வெளியேறும். முகட்டின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒருவகைச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து, சிமெண்ட் பூச்சுபோல எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருக்கும். அடி அதிகம் விழும் இடத்தில் தடித்த, குட்டையான பவளங்கள். உள்ளே அமைதியான தண்ணீரில் கிளை கிளையாக மெல்லிய பவளங்கள். எந்த இன்ஜினியரும் பிளான் போடவில்லை. அலையே பிளான் போட்டிருக்கிறது. அலைதான் பவளத்துக்கு உணவைக் கொண்டுவருகிறது, தூசியைக் கழுவுகிறது, பலவீனமானதை உடைத்து அப்புறப்படுத்துகிறது.

உடைத்தது வீணாகப் போகிறதா என்றால் இல்லை. அதுதான் தீவு. பவளத் தீவின் மணல் ஆற்று மணல் இல்லை நண்பர்களே. மலையும் இல்லாத, ஆறும் இல்லாத இடத்தில் மணல் எங்கிருந்து வரும்? அத்தனையும் பாறையில் வாழ்ந்த உயிர்களின் தூள். மாலத்தீவில் வக்காரு என்ற தீவில் 2015-ல் வெளியான ஆய்வைக் கேட்டால் சிரிப்பீர்கள். அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன் போடுவது! கிளி மூக்குபோல வாயுள்ள மீன் அது. பாறையைக் கடித்து, பாசியைத் தின்று, கல்லை அரைத்துப் பின்வழியாக மணலாக விட்டுவிடும். ஹனிமூன் போகிறவர்கள் படுத்துப் புரளும் வெள்ளை மணலின் பூர்வீகம் இதுதான். மீன் மணல் அரைக்கிறது, அலை சித்தாள்போல் அதைச் சுமந்து வந்து கரையில் போடுகிறது.

போட்ட மணலை அலை ஒரே இடத்தில் வைத்திருப்பதும் இல்லை. மாலத்தீவின் பா அட்டோலில் பல தீவுகளை வருஷக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் தீவின் ஓரத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பி மேற்கே வரும். ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறவன் 'ஐயோ கரை போச்சு' என்பான். ஆறு மாசம் பொறுத்தால் திரும்ப வந்துவிடும். இந்த நடமாட்டத்துக்கு நடுவே ஒரு படகுத்துறை கட்டி, குறுக்கே ஒரு கல் தடுப்பையும் நீட்டினால் என்ன ஆகும்? போன மணல் திரும்பி வர வழியில்லை. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் அரிப்பு. அரிப்பைத் தடுக்க இன்னொரு சுவர். மனிதர் குடியிருக்கும் தீவுகளில் அரிப்புப் புகார் ஓயாமல் வருவதில் நம்ம கான்கிரீட்டுக்கும் பங்கு உண்டு.

பெரிய அலை வந்தால்? அதுவும் கட்டும். 1972 அக்டோபரில் பசிபிக்கில் துவாலு நாட்டின் ஃபுனாஃபுட்டி அட்டோலை பெபே என்ற சூறாவளி தாக்கியது. ஊர் நாசமாகிவிட்டது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் அலைகள் ஆழத்திலிருந்து பவளக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து, சுமார் 19 கி.மீ. நீளத்துக்கு, சில இடங்களில் 4 மீட்டர் உயரத்துக்கு, பாறைத்தளத்தின் மேல் ஒரு கரையே போட்டுவிட்டுப் போயின. பின்னால் வந்த வருஷங்களில் சாதாரண அலைகள் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தீவுகளோடு சேர்த்தன. 2004 சுனாமிக்குப் பிறகு பா அட்டோலின் அதே தீவுகளை மறுபடி அளந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் போயிருந்தது. அதிகபட்சமாகப் பரப்பில் 9 சதவீதம். ஆனால் தீவின் மேல்பரப்பில் புது மணல், சில இடங்களில் 30 செ.மீ. வரை படிந்திருந்தது. அவை ஆளில்லாத தீவுகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2020-ல் வந்த ஓர் ஆய்வுதான் என்னை இந்தக் கட்டுரையே எழுத வைத்தது. இங்கிலாந்தில் பிளிமத் நகரத்து ஆய்வுக்கூடத்தில், துவாலுவின் ஃபடாடோ என்ற தீவை 50-ல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, தொட்டியில் வைத்து அலையை அனுப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் மட்டத்தை உயர்த்தினார்கள். அலை தீவின் முகட்டைத் தாண்டி வழிந்தது. தாண்டும்போது கல்லையும் மணலையும் மேலே போட்டுவிட்டே போனது. தீவு பின்னால் கொஞ்சம் நகர்ந்தது, உயரமும் ஆனது. தானாகவே! நாம் சுவர் கட்டித் தடுப்பது எதை? அந்த வழிதலைத்தான். வெள்ளத்தைத் தடுத்ததோடு உயரத்தையும் தடுத்துவிடுகிறோம்.

உடனே ஒரு நண்பன் கேட்டான்: "அப்ப மாலேக்காரன் சுவரை இடிச்சுட்டு, வீட்டுக்குள்ள தண்ணி வர்றத வேடிக்கை பார்க்கணுமாடா?"

நல்ல கேள்வி. கூடவே கூடாது. அலை தீவை உயர்த்த எடுத்துக்கொள்ளும் காலம் வேறு, ஒரு குடும்பம் சமையல் பாத்திரத்தை உயரத்தில் எடுத்து வைக்க வேண்டிய காலம் வேறு. 1987-க்குப் பிறகு ஜப்பான் நாட்டு உதவியோடு மாலேயைச் சுற்றித் தடுப்பு கட்ட ஆரம்பித்து 2002-ல் முடித்தார்கள். 2004 சுனாமியில் அந்தத் தடுப்பு ஊரைப் பெருமளவு காப்பாற்றியது. அதில் பயன்பட்ட டெட்ராபாட் என்ற நாலு கால் கான்கிரீட் கட்டிக்கு மாலேயில் நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். அதைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் டெட்ராபாடைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சொரசொரப்பு, இடைவெளி, உள்ளே புகுந்த தண்ணீரைச் சிதறடித்துக் களைக்க வைப்பது. 1950-ல் பிரான்சில் கண்டுபிடித்த இந்தக் கட்டி செய்கிற வேலையைத்தான் பாறை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. டெட்ராபாட் வளராது. மணல் அரைக்கும் மீனுக்குச் சோறு போடாது. பழசானால் இன்னொரு நாட்டிடம் கையேந்த வேண்டும். மாலேக்கு வேறு வழியில்லை, சரி. மாலே செய்தது என்று எல்லாத் தீவும் செய்யக் கிளம்பினால், அது மருந்து சாப்பிடுகிறவனைப் பார்த்து நோயில்லாதவனும் மருந்து வாங்குகிற கதை.

அலை எல்லா இடத்திலும் நல்ல கொத்தனார் என்றும் நான் சொல்லவில்லை. ஹவாய்த் தீவுகளில் மொலோகாய் என்று ஒரு தீவு. குளிர்காலத்தில் வட பசிபிக்கிலிருந்து வரும் ராட்சத ஸ்வெல் அதன் வடகரையை நேராக அறைகிறது. அங்கே பவளம் தலையெடுப்பதற்குள் உடைந்துவிடும். செங்குத்தான பாறைதான் மிச்சம். அதே தீவின் தென்கரை மறைவாக இருக்கிறது. அங்கே பல கிலோமீட்டர் நீளத்துக்கு அருமையான பவளத்திட்டு. தண்ணீர் ஒன்றுதான், சூடு ஒன்றுதான், வித்தியாசம் அலைதான். அடி அளவாக இருந்தால் கட்டிடம், அளவு மீறினால் மொட்டைப் பாறை. இப்போது பயம் என்னவென்றால், அலை கூடாவிட்டாலும் பாறை தேய்கிறது. கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் சாவது 1998-ல் மாலத்தீவில் பெரிய அளவில் நடந்தது, 2016-ல் மறுபடி நடந்தது. 2024-ல் உலக அளவில் நாலாவது வெளுப்பு என்று அறிவித்தார்கள். செத்த பாறை உடைந்து வழவழப்பாகும். சொரசொரப்பு போனால் 97 மார்க்கும் போகும். அன்றைக்கு அதே பழைய அலை, அதே டவுன் பஸ் வேகத்தில் வந்து, புது ஆழத்துக்கு உள்ளே வரும்.

இதெல்லாம் எங்கோ நடக்கிற கதை என்று நினைக்க எனக்கு வசதியில்லை. காரணம் சொல்கிறேன். மாலத்தீவை அடிக்கிற அதே தெற்குக் கடல் ஸ்வெல்தான் நம்ம தென்கோடிக் கரைக்கும் வருகிறது. காற்றில்லாமல், மழையில்லாமல், திருடன்போல் வருவதால் மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். 2012-ல் யுனெஸ்கோவே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஒரே நாளில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். நம்ம வயசுக்காரர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. டவுன் பஸ் எப்போது கிளம்பியது என்று தெரிந்தால் எப்போது வரும் என்று சொல்லிவிடலாமே! அதைக் கேட்டு நடக்கிறோமா என்பதுதான் பாக்கி.

இன்னொரு காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் அது கடல் தேசியப் பூங்கா ஆனது. அந்தப் பாறையில் கல் எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். மூச்சைப் பிடித்து முங்கி, கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றுவார். ஆச்சி அதைக் கரையில் கூடையில் சுமப்பாள். அந்தக் கூலியில்தான் என் அப்பா வளர்ந்தார். தாத்தாவிடம் கேட்டேன். "ஏலே, கடல்ல கல்லு வெளையுது, நாங்க அறுத்தோம். அது வருசத்துக்கு ஒரு வெரக்கடதான் வெளையும்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. யாரும் சொல்லவில்லை என்பது நிஜம். விரற்கடை அளவுகூட அதிகம். கட்டிப் பவளம் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சுனாமிக்குப் பிறகு கல் எடுப்பதும் நின்றுபோனது. அதற்குள் 21 தீவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தாத்தாவுக்கு அந்த இரண்டும் கண்ணால் பார்த்த தீவு. எனக்கு மேப்பில் பெயர்.

மூன்றாவதாக வான் தீவும் சுருங்கிச் சுருங்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே நடந்ததை நம்ம பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தீவின் மேல் சுவர் எழுப்பவில்லை. தூத்துக்குடி கடல் ஆராய்ச்சி நிலையமும் தமிழக அரசும் சேர்ந்து, 2015-லிருந்து, தீவுக்கு முன்னால் கடலுக்குள் துளை வைத்த கான்கிரீட் கூடுகளை இறக்கினார்கள். அலையைத் தடுக்கவில்லை, களைக்க மட்டும் வைத்தார்கள். மணல் உள்ளே வர வழி இருந்தது. கூட்டுக்குள் மீன் குடியேறியது, மேலே பவளம் ஒட்டியது. கரைந்து கொண்டிருந்த தீவு தாக்குப்பிடித்தது. கான்கிரீட்டே வேண்டாம் என்று சொல்ல நான் சிவில் படிக்கவில்லை. எங்கே, எந்த உருவத்தில், யாருக்குத் துணையாக என்பதுதான் என் கேள்வி.

நம்ம ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் குழாய் இருக்கிறது, மதகு இருக்கிறது, பம்ப் இருக்கிறது. கடல் அலைக்கு ஒரு பக்கம்கூட இல்லை. இத்தனை கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாநிலத்தில் இது எனக்குச் சரியாகப் படவில்லை. சிலபஸை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் லேபில் கண்ணாடி வாய்க்கால் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. அடுத்த வருஷம் இறுதியாண்டு புராஜெக்ட்டாக நாங்கள் நாலு பேர் ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். வாய்க்காலின் ஒரு முனையில் ஆடும் பலகை. நடுவில் உடைந்த ஓடும் சிமெண்டும் வைத்துச் செய்த சொரசொரப்பான பாறைத்தளம். மறுமுனையில் மணல் தீவு. பாறை இருந்தால் தீவு என்ன ஆகிறது, பாறையை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது, பாறைக்குப் பதில் நேர்ச்சுவர் வைத்தால் மணல் எங்கே போகிறது என்று மூன்றையும் அளக்க வேண்டும். 15 நொடி ஸ்வெல்லை 50-ல் ஒரு பங்கு மாதிரியில் காட்ட, பலகை சுமார் 2 நொடிக்கு ஒரு தடவை ஆடினால் போதும். சாரிடம் கேட்டோம். 'பார்க்கலாம்' என்றிருக்கிறார். அது முக்கால் சம்மதம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

பலகையை அப்பா செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். மோட்டார்தான் இல்லை. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களே, பழைய லாரி வைப்பர் மோட்டார் ஓடுகிற நிலைமையில் யாரிடமாவது இருந்தால் சிவில் பிளாக் மாடியில் வந்து என்னைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட் போடத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். டீ செலவு எங்களுடையது.